சொரிமுத்து என்ற எம்.எல்.ஏ.

ஆடி அமாவாசைக்கு பாபநாசம் மலைக்குப் போய் வந்த யாரைக் கேட்டாலும் சொரிமுத்து அய்யனார் கோயிலைப் பற்றிச் சொல்வாங்க. காரையாறு போற வழியில, புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்குற கோயில். தென்மாவட்டங்கள்ல எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் குலதெய்வம். உங்க வகுப்புலயே ஒரு சொரிமுத்து இருக்கலாம்.

அந்தப் பெயரோட பிறந்த ஒருத்தர் சென்னை சட்டமன்றம் வரைக்கும் போனார். ஆனா நமக்கு அவரை வேற பெயர்லதான் தெரியும். ப. ஜீவானந்தம். சுருக்கமா, ஜீவா.

1907 ஆகஸ்ட் 21 அன்று பூதப்பாண்டியில் பிறந்தார். அப்போ அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. குலதெய்வத்தின் பெயரையே வீட்டில் வைத்தார்கள். அந்தக் கோயிலில் பட்டவராயன் சன்னதி ஒன்று உண்டு, பார்த்திருக்கீங்களா? பக்தர்கள் அங்கே செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தில் வளர்ந்த இரண்டு பெண்களை விரும்பினான். அவர்களை மணப்பதற்காகப் பூணூலை அறுத்துவிட்டு, தானே செருப்புத் தைத்தான் என்பது கதை. கடைசியில் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்து, தெய்வமானான். இந்தக் கோயிலின் பெயரைச் சுமந்த பையன், பள்ளிக்கூட வயசிலேயே தாழ்த்தப்பட்ட நண்பர்களை அவர்களுக்குத் தடை இருந்த தெருக்களுக்குக் கூட்டிப் போனான். ஊரில் எதிர்ப்பு, வீட்டில் சண்டை. கடைசியில் வீட்டை விட்டே கிளம்பினார்.

பாபநாசத்தில் மலையிறங்குற தாமிரபரணி கொஞ்ச தூரம் போனதும் சேரன்மாதேவி வரும். அங்கே வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். நாட்டுக்கு உழைக்கும் இளைஞர்களை உருவாக்கும் இடம் என்று காங்கிரஸ் கட்சியே அதற்குப் பணம் கொடுத்தது. ஆனா சாப்பாட்டு நேரத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி. தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்ட சர்ச்சை அது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். அந்தக் குருகுலத்தில் சேர்ந்த ஜீவாவால் அங்கே இருக்க முடியவில்லை, வெளியேறினார். 1925-ல் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயரும் உயிரிழந்தார். ஐயரின் துணிச்சலைச் சந்தேகிக்க எதுவுமில்லை. ஆனா அவ்வளவு பெரிய மனிதர் நடத்திய இடத்திலும் ஒரே பந்தி போட முடியவில்லை என்பதையும் நாம மறக்கக் கூடாது.

ஜீவா அடுத்து காரைக்குடி பக்கம் சிராவயலில் ஆசிரமம் நடத்தினார். 1927-ல் காந்தியே அங்கே வந்தார். பிறகு சுயமரியாதை இயக்கம். பகத்சிங் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகச் சிறைக்குப் போனார். தனித்தமிழ் மீது பிடிப்பு வந்தபோது, ஜீவானந்தம் என்ற பெயரையும் உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டார். கொஞ்ச காலத்தில் ஜீவானந்தத்துக்கே திரும்பினார். அப்புறம் காங்கிரஸ் சோசலிஸ்ட், அதிலிருந்து கம்யூனிஸ்ட். 1937-ல் தொடங்கிய ஜனசக்தி பத்திரிகையில் எழுதினார். சுதந்திரம் வந்த பிறகும் நிம்மதி இல்லை. கட்சி தடை செய்யப்பட்டதால் தலைமறைவு வாழ்க்கை.

இப்படிப்பட்ட ஆள் எம்.எல்.ஏ. ஆனது எப்படி? 1952 தேர்தல்தான் 21 வயது நிரம்பிய எல்லாருக்கும் வாக்கு கிடைத்த முதல் பொதுத்தேர்தல். அதுவரைக்கும் சொத்தோ வரியோ படிப்போ இருந்தால்தான் ஓட்டு. வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, உழைக்கும் மக்கள் நிறைந்த தொகுதி. முதல்முறையாக ஓட்டுப் போட்ட அந்த ஜனம் ஜீவாவைத் தேர்ந்தெடுத்தது.

அன்றைய சென்னை சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்கு 152 தான், பெரும்பான்மை இல்லை. கம்யூனிஸ்டுகளுக்கு 62. தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவை வழியாக முதலமைச்சர் ஆனார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுறவங்க எல்லாரும் ஒரே அவையில் இருந்ததால், ஆங்கிலம்தான் வசதியான மொழியாக இருந்தது. ஜீவா தமிழில் பேசினார். ஆட்சி, நீதிமன்றம், கல்வி எல்லாமே தமிழில் நடக்க வேண்டும் என்று வாதாடினார்.

இதை வெறும் மொழிப்பற்று என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். யோசிச்சுப் பாருங்க. அரசாங்கம் ஒரு மொழியில் பேசுது, ஓட்டுப் போட்டவருக்கு அந்த மொழி தெரியாது. தன்னைப் பற்றி எடுக்கும் முடிவையே இன்னொருத்தர் வந்து சொன்னால்தான் அவருக்குப் புரியும். இதுவும் தனிப் பந்திதானே? சேரன்மாதேவியில் சாதியை வைத்துப் பிரித்தார்கள், சட்டமன்றத்தில் மொழியை வைத்து. ஜீவாவின் சட்டமன்ற வேலையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கும், லேப் வைவாவில் பதில் தெரிந்தும் இங்கிலீஷ் வராமல் நின்ற நம்ம நண்பர்களைப் பார்த்த உங்களுக்கும் இது புரியாத விஷயம் இல்லை.

1953-ல் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கணும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கணும். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத்தான் தைக்கணுமா என்ற கேள்வி மாநிலம் முழுக்க எழுந்தது. ஜீவாவின் கட்சியும் எதிர்த்தது. 1954-ல் ராஜாஜி விலகி காமராஜர் வந்தார், திட்டமும் போனது. 1956 டிசம்பரில் தமிழை ஆட்சிமொழி ஆக்கும் சட்டம் நிறைவேறியது. அது ஜீவா ஒருவரால் வந்தது இல்லை. ஆனா அதற்காக விடாமல் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். இன்னொண்ணு தெரியுமா? அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த பெரும்பாலான காலம் அவருடைய சொந்த ஊர் இந்த மாநிலத்திலேயே இல்லை. 1956 நவம்பர் 1-ல்தான் கன்னியாகுமரி மாவட்டத்தோடு பூதப்பாண்டியும் இங்கே சேர்ந்தது.

1957 தேர்தலில் வண்ணாரப்பேட்டை அவரைத் தோற்கடித்தது. ஐந்தே வருஷம், அவ்வளவுதான் அவருடைய சட்டமன்ற வாழ்க்கை. பதவி போனதும் வீட்டில் எதுவும் குறையவில்லை. குறைவதற்கு முன்னாடியும் எதுவும் இருந்ததில்லை. தாம்பரத்தில் ஒரு குடிசையில்தான் குடியிருந்தார். ஒரு பள்ளித் திறப்பு விழாவுக்குக் கூப்பிட முதலமைச்சர் காமராஜரே அந்தக் குடிசைக்கு வந்தாராம். கட்டியிருந்த வேட்டியைத் துவைத்துக் காயப் போட்டிருந்ததால், அது காயும் வரை கிளம்ப முடியவில்லையாம். பல மேடைகளில் சொல்லப்படும் கதை இது.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. 1959-ல் தாமரை என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றத்தை உருவாக்கினார். கம்பனையும் பாரதியையும் தொழிலாளர் கூட்டங்களுக்குக் கொண்டு போனார். 1963 ஜனவரி 18 அன்று இறந்தபோது வயது 55.

நம்மில் பலர் அடுத்த சட்டமன்றத் தேர்தலில்தான் முதல்முறையா எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கப் போறோம். வேட்பாளர் என்ன தருவார் என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. ஏற்கெனவே இருந்தவர் அவையில் எழுந்து யாருக்காக, என்ன பேசினார் என்று தேடிப் பாருங்க. சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சாகி நூலகங்களில் இருக்கின்றன. 1952 முதல் 1957 வரையுள்ள தொகுதிகளை எடுத்தால், வண்ணாரப்பேட்டை உறுப்பினரின் பேச்சிலிருந்தே ஆரம்பிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.