தொழிலறிஞர் ஹென்றி ராய்ஸ்

ரோல்ஸ்-ராய்ஸ் என்னும் மோட்டார் வண்டியின் பெயரைக் கேள்விப்படாதவர் சிலரே. மன்னரும் பெருஞ்செல்வரும் விரும்பி ஏறும் ஊர்தி அது. அதன் விலையைக் கேட்டு வியப்போர் பலர். அது பிறந்த வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலர். அவ்வண்டியை ஆக்கியவர் அரச குடியில் பிறந்தவர் அல்லர். செல்வத்தில் வளர்ந்தவரும் அல்லர். தெருவில் செய்தித்தாள் விற்று வயிறு வளர்த்த ஏழைச் சிறுவராக வாழ்வைத் தொடங்கியவர் அவர். அவர் பெயர் ஹென்றி ராய்ஸ் என்பதாகும்.

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகே ஆல்வால்ட்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1863ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் ராய்ஸ் பிறந்தார். பெற்றோரின் ஐந்து மக்களுள் இவரே கடைக்குட்டி. தந்தையார் மாவரைக்கும் ஆலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தார். அத்தொழில் நொடித்துப்போகவே, குடும்பம் பிழைப்பு நாடி இலண்டன் சென்றது. அங்கும் வறுமை அவர்களை விட்டபாடில்லை. 1872ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். ஒன்பது வயதுச் சிறுவர் ராய்ஸ் செய்தித்தாள் விற்றார். பின்னர்த் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையையும் செய்தார். அவர் பள்ளியில் முறையாகப் பயின்ற காலம் ஏறத்தாழ ஓராண்டே.

இந்நிலையில் அத்தையார் ஒருவர் இவர்மீது இரக்கம் கொண்டார். ஆண்டுக்கு இருபது பவுன் கட்டி, பீட்டர்பரோவிலிருந்த இரயில்வேத் தொழிற்சாலையில் இவரைப் பயிற்சி பெறச் செய்தார். ராய்ஸ் தங்கிய வீட்டுக்காரரும் அத்தொழிற்சாலையில் பணிபுரிந்தவரே. அவர் வீட்டின் பின்புறத்தில் கடைசல் பொறியுடன் கூடிய சிறிய பட்டறை ஒன்று இருந்தது. பகற்பொழுது தொழிற்சாலையிலும் மாலைப்பொழுது அப்பட்டறையிலுமாக ராய்ஸின் நாள்கள் கழிந்தன. அரத்தைப் பிடித்து இரும்பை மயிரிழை பிசகாமல் இழைக்கும் கைத்திறம் அவருக்கு அங்கேயே வாய்த்தது. ஆயினும் மூன்று ஆண்டுகளுக்குப்பின் அத்தையாரால் பணம் கட்ட இயலவில்லை. பயிற்சி பாதியில் நின்றது.

ராய்ஸ் மனந்தளரவில்லை. லீட்ஸ் நகரில் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றில் வாரத்திற்குப் பதினொரு ஷில்லிங் கூலிக்கு உழைத்தார். பின்னர் இலண்டன் திரும்பி மின்விளக்கு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். மின்சாரம் அக்காலத்தில் புதுமைப் பொருள். அதனை அறிந்தோர் அரியர். பகலில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்புகளுக்குச் சென்று மின்னியல் பயின்றார். அந்நிறுவனத்தார் அவரை லிவர்ப்பூல் நகருக்கு அனுப்பி, தெருக்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் மின்விளக்கு அமைக்கும் பணியை ஒப்படைத்தனர். அப்பொழுது அவர் இருபது வயதை எட்டியிலர். ஆனால் அத்தொழிலும் நீடிக்கவில்லை, நிறுவனம் மூடப்பட்டது.

வேறொருவரிடம் வேலை தேடி அலைவதினும் சொந்தமாகத் தொழில் தொடங்குவதே நன்றென ராய்ஸ் எண்ணினார். 1884ஆம் ஆண்டில் தம் சேமிப்பான இருபது பவுனோடு, எர்னஸ்ட் கிளேர்மாண்ட் என்னும் நண்பரின் ஐம்பது பவுனையும் சேர்த்து, மான்செஸ்டர் நகரின் குக் தெருவில் சிறு பட்டறை ஒன்றை நிறுவினார். நண்பர் இருவரும் பட்டறையின் மேலிருந்த அறையிலேயே தங்கினர். முதலில் மின்மணிகளும் விளக்குச் சாதனங்களும் செய்தனர். பின்னர் மின்னாக்கப் பொறிகளும், பளுவைத் தூக்கும் மின்பொறிகளும் செய்தனர். அங்கிருந்து வெளிவந்த பொருள் எதுவும் பழுதென்று திரும்பி வரலாகாது என்பதே ராய்ஸின் உறுதி. பிற நாடுகளிலிருந்து மலிவான பொறிகள் வந்து குவிந்து வாணிகம் குன்றியபோதும், விலையைக் குறைப்பதற்காகத் தரத்தைக் குறைக்க அவர் இசையவில்லை.

வேலையில் ஈடுபட்டுவிட்டால் ராய்ஸுக்கு உணவும் உறக்கமும் நினைவிற்கு வாரா. அவர் பட்டினி கிடத்தல் ஆகாதென, சிறுவன் ஒருவன் பாற்கிண்ணத்தை ஏந்தி அவர் பின்னே செல்வான் என்பர். இவ்வாறு உடலைப் பேணாது உழைத்தமையால், நாற்பது வயதை நெருங்கியபோது அவர் உடல்நலம் குலைந்தது. அக்காலத்தில்தான் பழைய பிரெஞ்சு மோட்டார் வண்டி ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். அஃது ஓடும்போது ஓசையும் அதிர்ச்சியும் மிகுந்திருந்தன. பிறர் அக்குறைகளைப் பொறுத்துக்கொண்டனர்; ராய்ஸால் பொறுக்க இயலவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்து திருத்தினார். திருத்துவதினும் புதிதாகச் செய்தலே தக்கதென்று தெளிந்தார். 1904ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள், பத்துக் குதிரைத்திறன் கொண்ட அவருடைய முதல் மோட்டார் வண்டி குக் தெருப் பட்டறையிலிருந்து வெளியே ஓடிற்று.

அதே ஆண்டு மே மாதத்தில் மான்செஸ்டர் நகர விடுதி ஒன்றில் சார்லஸ் ரோல்ஸ் என்பவரை ராய்ஸ் சந்தித்தார். ரோல்ஸ் பிரபு ஒருவரின் மகன், கேம்பிரிட்ஜில் கற்றவர், இலண்டனில் மோட்டார் வணிகம் செய்தவர். பிறப்பாலும் கல்வியாலும் வளத்தாலும் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருந்தது. எனினும் சிறந்த வண்டி ஒன்று வேண்டும் என்னும் வேட்கை இருவர்க்கும் பொதுவாயிற்று. ராய்ஸ் வண்டிகளைச் செய்வது, ரோல்ஸ் அவற்றை விற்பது, வண்டிக்கு இருவர் பெயரையும் இடுவது என உடன்பாடு செய்துகொண்டனர். 1906ஆம் ஆண்டில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் தோன்றியது.

ராய்ஸ் அடுத்து ஆறு உருளைகள் கொண்ட வண்டியை அமைத்தார். அக்காலத்து ஆறு உருளை இயந்திரங்களில் நீண்ட சுழல்தண்டு அதிர்ந்து முறிந்துபோவது வழக்கம். ராய்ஸ் அத்தண்டைப் பருமனாக்கி, ஏழிடங்களில் தாங்கிகள் அமைத்து, எண்ணெய் அழுத்தத்துடன் அவற்றிற்குப் பாயுமாறு செய்தார். அதிர்ச்சி நீங்கிற்று, ஓசையும் அடங்கிற்று. வெள்ளி வண்ணம் தீட்டப்பெற்று அரவமின்றி ஓடிய அவ்வகை வண்டி ஒன்று, வெள்ளி ஆவி என்று பொருள்படும் சில்வர் கோஸ்ட் என்னும் பெயர் பெற்றது. 1907ஆம் ஆண்டில் அவ்வண்டியை இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே பன்முறை ஓட்டிச் சோதித்தனர். ஞாயிற்றுக்கிழமைகள் தவிர, இரவும் பகலும் அஃது ஓடியது. 14,371 மைல் தொலைவு பழுதின் பொருட்டு நிற்காமலே ஓடிப் புதிய சாதனை படைத்தது. பதினையாயிரம் மைல் முடிந்தபின் வண்டியைப் பிரித்துப் பார்த்தனர். தேய்ந்த உறுப்புகளை மாற்ற இரண்டு பவுனுக்குச் சற்று மேற்பட்ட தொகையே தேவைப்பட்டது. ராய்ஸின் புகழ் எங்கும் பரவிற்று. நம் நாட்டுச் சமஸ்தான மன்னர் பலரும் பிற்காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் வண்டிகளை விரும்பி வாங்கினர்.

1908ஆம் ஆண்டில் தொழிற்சாலை டார்பி நகருக்கு மாறியது. ஆனால் இன்பத்தைத் தொடர்ந்து துன்பமும் வந்தது. 1910ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ரோல்ஸ் விமானம் விழுந்து உயிர் துறந்தார். மறு ஆண்டில் ராய்ஸ் கடும் நோய்வாய்ப்பட்டார். பல்லாண்டுகளாக உணவையும் ஓய்வையும் புறக்கணித்ததன் பயனை உடல் திருப்பித் தந்தது. அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. மருத்துவர் அவர் நெடுநாள் வாழார் என்றே கருதினர். நிறுவனத்தின் மேலாளரான கிளாட் ஜான்சன் அவரைத் தொழிற்சாலையினின்றும் பிரித்து, வெப்பமான நாடுகளுக்கு அழைத்துச் சென்றார். அதன்பின் ராய்ஸ் டார்பியில் வாழவே இல்லை. குளிர்காலத்தில் பிரான்சின் தென்கரையிலும், ஏனைய காலத்தில் இங்கிலாந்தின் கடற்கரையிலும், செவிலி ஒருவரின் பராமரிப்பில் தங்கினார்.

தொழிலாளி தொழிற்கூடத்தை இழந்தால் என் செய்வார்? ராய்ஸ் தம் மனத்தையே தொழிற்கூடமாக்கிக்கொண்டார். வரைபடக்காரர் சிலரை அருகில் இருத்தி, ஒவ்வோர் உறுப்பையும் எண்ணி வரையச் செய்து, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பினார். முதல் உலகப் போர் மூண்டபோது விமான இயந்திரங்கள் தேவைப்பட்டன. ராய்ஸ் அமைத்த ஈகிள் என்னும் இயந்திரங்கள் இரண்டைப் பூட்டிய விமானத்தில்தான், 1919ஆம் ஆண்டு ஆல்காக், பிரவுன் என்னும் இருவரும் முதன்முதலாக அட்லாண்டிக் மாகடலை இடைநில்லாது பறந்து கடந்தனர். 1931ஆம் ஆண்டில் அவரது மற்றோர் இயந்திரம் பூட்டப்பெற்ற விமானம் மணிக்கு 400 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்து உலகை வியப்பில் ஆழ்த்தியது. அதற்கு முந்திய ஆண்டில் அரசு அவருக்குப் பேரனட் என்னும் சிறப்புப் பட்டம் அளித்தது. எனினும் தம்மை வெறும் இயந்திரத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்வதிலேயே அவர் பெருமை கண்டார்.

1933ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 22ஆம் நாள், வெஸ்ட் விட்டரிங் என்னும் கடற்கரைச் சிற்றூரில் ராய்ஸ் உயிர்நீத்தார். நோய்ப்படுக்கையிலும் வண்டியின் குலுக்கலைத் தணிக்கும் உறுப்பு ஒன்றை அவர் வரைந்துகொண்டிருந்தார். அவர் தொடங்கிவைத்த மெர்லின் என்னும் விமான இயந்திரம் அவர் மறைந்த சில திங்களுக்குப்பின் முதன்முதலாக ஓடியது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் வானத்தைக் காத்த போர்விமானங்களுக்கு அதுவே உயிராக விளங்கியது.

இன்று மோட்டார் வண்டித் தொழிலும் விமான இயந்திரத் தொழிலும் தனித்தனி நிறுவனங்களாக நடைபெறுகின்றன. மோட்டார் வண்டிகள் 2003ஆம் ஆண்டு முதல், ராய்ஸ் இறுதிக் காலத்தைக் கழித்த ஊருக்கு அண்மையிலுள்ள குட்வுட்டில் செய்யப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் ஸ்பெக்டர் என்னும் வண்டி அங்கிருந்து வெளிவந்தது. அது முழுவதும் மின்சாரத்தால் ஓடுவது. மின்மணி செய்து பிழைத்த இளைஞரின் பெயர், நூற்றாண்டு கடந்து, மின்சார வண்டியின் நெற்றியில் திகழ்கின்றது.

மாணவர்களே! ராய்ஸ் செய்த வண்டியில் ஏறும் வாய்ப்பு செல்வர் சிலருக்கே உண்டு. அவர் சென்ற வழியில் நடக்கும் வாய்ப்போ எல்லார்க்கும் உண்டு. சிறிய வேலையாயினும் அதனைக் குறைவறச் செய்தவர் அவர். உடலைப் பேணாமையால் அவர் பட்ட துன்பத்தையும் நாம் மறத்தலாகாது. அவர்தம் நேர்த்தியைப் பின்பற்றுவோம். அவர் செய்த பிழையினின்று பாடம் கற்போம்.