25-ல் வெள்ளைப் புடவை, 44-ல் சூப்பர் ஹிட்: வயசை மறைக்காமல் ஜெயித்த கே.பி.சுந்தராம்பாள்!

உங்க வீட்ல 45 வயசை ஒட்டி ஒரு பெண் இருப்பாங்க. அம்மாவா இருக்கலாம், அத்தையா, பெரியம்மாவா இருக்கலாம். ஒரு பளிச்னு கலர் புடவையைக் காட்டி, இது உங்களுக்கு நல்லா இருக்கும்னு சொல்லிப் பாருங்க. இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா என்று பதில் வரும். பாட்டு கிளாஸ், ஸ்கூட்டி கிளாஸ், தோழிகளோட ஒரு டூர்... எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

சரி, நீங்க மட்டும் என்ன? 30 நெருங்கும்போதே முதல் நரைமுடியைப் பார்த்துப் பதறி கூகுள்ல தேடுற ஆள்தானே!

இந்த வயசு பயத்துக்கு மருந்தா ஒருத்தரோட வாழ்க்கைக் கதையைச் சொல்லலாம். பேரு கே.பி.சுந்தராம்பாள். பேரைக் கேட்டா டக்குனு தெரியாம இருக்கலாம். ஆனா முகம் கண்டிப்பா தெரியும். 'திருவிளையாடல்' படத்துல மாம்பழம் கிடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு மலையேறுவாரே முருகன், அவர்கிட்ட போய் பாட்டுப் பாடியே சமாதானம் பேசும் வெள்ளைப் புடவை அவ்வைப் பாட்டி... அவங்கதான்!

ரயிலில் பாடிய சிறுமி

கோவில்பதாகையில இருந்து ஆவடி ஸ்டேஷனுக்கு வந்து லோக்கல் ட்ரெயின் பிடிக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் பாடிக்கிட்டே வருவார், கையில ஒரு டப்பா. நாம இயர்போனைக்கூட கழட்டாம காசைப் போட்டுட்டு மறுபடி போனைப் பார்ப்போம்.

நூறு வருஷத்துக்கும் முன்னாடி, கொடுமுடி பக்கம் ஓடின ரயில்களில் அப்படிப் பாடிக் காசு வாங்கிய சிறுமிதான் சுந்தராம்பாள். 1908-ல் ஈரோடு பக்கம் காவிரிக்கரை ஊரான கொடுமுடியில் பிறந்தவர். வீட்டில் வறுமை. அம்மா பாலாம்பாள்தான் பிள்ளைகளை வளர்த்தார். கே.பி. என்ற இன்ஷியலில் இருக்கும் 'கே' கொடுமுடி, 'பி' பாலாம்பாள். அம்மா பெயரை இன்ஷியலாப் போடுறதை நாம இன்னைக்குப் புதுசாப் பேசுறோம். அவங்க அதை வாழ்நாள் முழுக்கச் சுமந்தாங்க.

அந்தக் குரலைக் கேட்டவர்கள் மூலமாக வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. மைக் இல்லாத காலம். கொட்டகையில் கடைசியா உட்கார்ந்திருக்கிறவருக்கும் சொல் தெளிவா கேட்கணும். சுந்தராம்பாளுக்கு அது சர்வசாதாரணம்.

கொழும்பில் ஒரு காதல்

1926-ல் நாடகம் போட இலங்கைக்குப் போனார். அங்கேதான் செங்கோட்டையில் இருந்து வந்த எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து மேடையேறும் வாய்ப்பு வந்தது. அன்றைய நாடக உலகின் சூப்பர் ஸ்டார் பாடகர் அவர். இரண்டு பேருக்குமே உச்ச ஸ்தாயியில் சஞ்சாரம் செய்யும் குரல். யார் மேல போறாங்கன்னு மேடையிலேயே போட்டி நடக்கும். ஜனங்க அதுக்காகவே டிக்கெட் வாங்கினாங்க.

மேடைக் காதல் நிஜக் காதலானது. 1927-ல் மாயவரத்தில் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணமாகி மனைவி இருந்தார். இது தெரிந்தேதான் சுந்தராம்பாள் அந்த வாழ்க்கைக்குள் போனார். அதற்கான விலையையும் கொடுத்தார். பிறந்த குழந்தை தங்கவில்லை. மனஸ்தாபம், பிரிவு, கிட்டப்பாவின் குடிப்பழக்கம், உடல்நலக் கேடு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. அந்த நாட்களில் அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளிவந்தன. அன்பும் கோபமும் கலந்த கடிதங்கள் அவை.

1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைப் புடவையும் ஒரு கண்டிஷனும்

அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு ஊர் என்ன கொடுக்கும்னு உங்களுக்குத் தெரியும். வெள்ளைத் துணி, வெறும் நெற்றி, வீட்டு மூலை. நல்ல காரியத்துக்கு எதிரில் வரக்கூடாது. சுந்தராம்பாளும் வெள்ளைக்கு மாறினார். நகைகளைக் கழற்றினார். மேடையை விட்டும் விலகினார்.

இந்த வெள்ளைப் புடவையை ஆஹா ஓஹோன்னு கொண்டாட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அது ஒரு காலத்தின் கொடுமை. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவர் மூலையில் உட்காரவில்லை. காங்கிரஸ் தலைவர்கள் அழைக்க, தேசிய இயக்க மேடைகளில் பாடத் தொடங்கினார். எதிரில் வரக்கூடாது என்று ஊர் சொல்லும் கோலத்தில், ஆயிரக்கணக்கான பேருக்கு எதிரில் வந்து நின்றார்!

சினிமாவும் தேடி வந்தது. எந்த ஆணுக்கும் ஜோடியா நடிக்க மாட்டேன் என்பது அவர் முடிவு. கதாநாயகின்னாலே காதல் காட்சிதான் என்றிருந்த தொழிலில் இது கதவைத் தானே சாத்திக்கொள்வது மாதிரி. அந்தப் பேச்சையே தவிர்க்கத்தான் 1 லட்சம் ரூபாய் சம்பளம் கேட்டார் என்று சொல்வார்கள். தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்! 1935-ல் 'நந்தனார்' படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம், அதுவும் நந்தனாராகவே. அன்றைக்கு வேறு எந்த நடிகரும் கனவுகூடக் காணாத தொகை அது.

படம் எடுபடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அந்தப் படத்தைக் கடுமையாகக் கிண்டலடித்து விமர்சனம் எழுதினார். இப்போதைய பாஷையில் சொன்னா, செம ட்ரோல். அடுத்து 1940-ல் 'மணிமேகலை'. பிறகு 13 வருஷம் சினிமாவில் ஆளே இல்லை. 30 வயதில் தொடங்கி 40-ஐத் தாண்டும் வரைக்குமான அந்த வருஷங்களில், திரையில் அவர் கதை முடிந்துவிட்டது என்று யார் நினைத்திருந்தாலும் தப்பு சொல்ல முடியாது.

40-க்கு மேலதான் ஆட்டம்

1951-ல் சென்னை மாகாண சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் அவர்தான் என்று வரலாறு சொல்கிறது. எம்.ஜி.ஆர்., கருணாநிதி எல்லோருக்கும் முன்னாடி, ரயிலில் பாடிய ஒரு பெண்!

அடுத்து 1953. ஜெமினி எஸ்.எஸ்.வாசன் பிரமாண்டமாகத் தயாரித்த 'அவ்வையார்'. வாசன் யார் தெரியுமா? 'நந்தனார்' படத்தைக் கிண்டலடித்த அதே ஆனந்த விகடனின் முதலாளி. 18 வருஷம் கழித்து அதே முதலாளிக்கு, தன் கனவுப் படத்துக்கு இந்தப் பெண்தான் தேவைப்பட்டார். படம் மாபெரும் வெற்றி. அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 44.

அவ்வையார் கதை உங்களுக்குத் தெரியும்தானே? கல்யாணப் பேச்சு வந்ததும், இந்த இளமை எனக்கு வேண்டாம், முதுமையைக் கொடு என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர். முதுமை வந்த பிறகுதான் அவருக்கு ஊர் ஊராகப் போகும் சுதந்திரம் கிடைக்கிறது. அரசனையே கேள்வி கேட்கும் துணிச்சலும் வருகிறது. இந்த வேஷத்துக்கு சுந்தராம்பாள் தன் வயசை மறைக்க வேண்டியதே இல்லை. ஊர் தண்டனையாகக் கொடுத்த வெள்ளைப் புடவை, இங்கே அவ்வையின் கம்பீரமாக மாறியது.

பல வருஷம் கழித்து, 1973-ல் 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் நடித்தார். அந்த அம்மையாரும் அழகைக் கழற்றிவைத்துவிட்டு, பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். தமிழ் மரபில் இளமையை வேண்டாம் என்று சொன்ன இரண்டு பெண்களையும் திரையில் வாழ்ந்து காட்டியவர் இவர்தான். 50 தாண்டிய ஹீரோக்கள் விக் வைத்துக்கொண்டு டூயட் பாடிய காலத்தில் இது நடந்தது என்பதையும் மறந்துடாதீங்க.

தன்னை விட்டுக்கொடுக்காத பிடிவாதம்

1964-ல் 'பூம்புகார்'. கவுந்தி அடிகள் வேஷம். வசனம் கருணாநிதி. அவர் பகுத்தறிவு இயக்கத்துக்காரர். இவரோ திருநீறு இல்லாத நெற்றியோடு பார்க்கவே முடியாத முருக பக்தை, போதாக்குறைக்குக் காங்கிரஸ்காரர். ஒரு பாட்டில் தெய்வத்தைக் கேள்வி கேட்கும் வரி வந்தபோது, அதைப் பாட மாட்டேன் என்று சுந்தராம்பாள் நின்றுவிட்டதாகவும், பிறகு வரி மாற்றப்பட்டதாகவும் திரையுலகில் சொல்வார்கள். அவர் நம்பிக்கை நமக்கு இருக்கணும்னு இல்லை. ஆனா எனக்கு எது சரி, எது முடியாதுன்னு 55 வயசுல சத்தமே போடாம சொல்லத் தெரிஞ்சிருக்கு பாருங்க, அதுதான் விஷயம்.

அதற்கடுத்த வருஷம் 'திருவிளையாடல்'. 1969-ல் வெளிவந்த 'துணைவன்' படப் பாடல்களுக்காக சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. இதெல்லாம் 60 வயசை ஒட்டி. சொந்த ஊரான கொடுமுடியில் கே.பி.எஸ். என்று தன் பெயரிலேயே ஒரு தியேட்டரும் கட்டினார். 1980-ல் இறக்கும்வரை வெள்ளைப் புடவையும் திருநீறும் மாறவில்லை. பாட்டும் நிற்கவில்லை.

நமக்கு என்ன இருக்கு இதுல?

சுந்தராம்பாள் சோகத்தை மறந்து சந்தோஷமான பெண்ணாக மாறினார் என்று சொன்னால் அது பொய். கிட்டப்பாவின் நினைவை அவர் கடைசிவரை விடவே இல்லை. ஆனால் அந்த இழப்பையும் வைத்துக்கொண்டு, தினமும் தனக்குப் பிடித்த ஒன்றைச் செய்துகொண்டே இருந்தார். பாடினார். தன்னை ஏத்துக்கிறதுன்னா எல்லாக் காயமும் ஆறிப்போகணும்னு நாம நினைச்சுக்கிறோம். ஆறாமலும் பாடலாம் என்கிறது இவர் வாழ்க்கை.

இன்னொண்ணும் இருக்கு. 45 வயசுப் பெண்ணைப் பாராட்டணும்னா நாம வழக்கமா என்ன சொல்வோம்? வயசே தெரியலையே என்போம். நல்ல எண்ணம்தான். ஆனா வயசு தெரிஞ்சா அது குறைன்னும் சேர்த்துத்தானே சொல்றோம்? அவ்வையார் படம் பார்க்க வந்த கூட்டத்துக்கு அந்த முகத்தில் வயசு தெரிந்தது. அந்த முகத்தோட வந்த குரலைக் கேட்கத்தான் அவங்க வந்தாங்க.

அதனால இந்த ஞாயிற்றுக்கிழமை ரீல்ஸை ஓரம் கட்டிட்டு, போன்ல 'திருவிளையாடல்' படத்தைப் போட்டு அம்மா பக்கத்துல உட்காருங்க. மாம்பழக் காட்சி முடிஞ்சதும், கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு என்ன பிடிக்கும்மான்னு மெதுவா கேளுங்க. கோலம், பாட்டு, தையல், சைக்கிள் ஓட்டுறதுன்னு ஏதாவது ஒண்ணு வெளியே வரும். அடுத்த வாரம் அதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்க. அந்த ஒரு மணி நேரம் சமையலையும் பாத்திரத்தையும் நீங்க பார்த்துக்கோங்க!