மூன்று விரல் ஃபிளெமிங்



இயற்பியல் பரீட்சையில் பாதிப்பேர் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் விரித்து வைத்துக்கொண்டு முழிப்போமே, அந்த இடக்கை விதி, வலக்கை விதிக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயர் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங். (பெனிசிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் வேறு ஆள். நானும் முதலில் ஒருத்தர்தான்னு நினைத்தேன்!)

மைக் செட் வைத்திருக்கும் என் மாமா, பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றைப் பிரித்து மறுபடி கட்டினார். சுவிட்சைப் போட்டால் பாட்டுக்கு முன்னாடியே 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். ஏன் மாமான்னு கேட்டேன். அவர் சொன்ன காரணத்தைத் தேடிப் போனதில்தான் இந்த மனிதர் மாட்டினார்.

ஃபிளெமிங் 1849-ல் இங்கிலாந்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒரு பாதிரியார். சின்ன வயசிலேயே வீட்டில் பட்டறை மாதிரி வைத்துக்கொண்டு படகு, இஞ்சின் என்று பொம்மைகள் செய்வாராம். பொறியாளர் ஆக ஆசை, வீட்டில் வசதி இல்லை. பங்குச் சந்தைக் கம்பெனி ஒன்றில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1870-ல் லண்டனில் பட்டம் வாங்கினார். கொஞ்ச நாள் வேலை, கொஞ்ச நாள் படிப்பு என்று ஓட்டி, காசு சேர்த்து 1877-ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் மேக்ஸ்வெல்! அந்த மேதையின் வகுப்பில் சில நாள் இவர் ஒருத்தர்தான் உட்கார்ந்திருப்பாராம். நம்பவே முடியவில்லை.

பிறகு எடிசன் கம்பெனியின் லண்டன் கிளைக்கு ஆலோசகர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர். மூன்று விரல் விதி அங்கே பிறந்ததுதான். மாணவர்கள் திசைகளைக் குழப்பிக்கொண்டதால் செய்து கொடுத்த உபாயம் அது. நாம் அதையும் குழப்பிக்கொள்கிறோம் என்பது வேறு விஷயம்.

1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வானொலிச் செய்தி வாங்கினார் என்று படித்திருக்கிறோம். அதை அனுப்பிய போல்டு நிலையத்தின் மின் கருவிகளை வடிவமைத்தவர் ஃபிளெமிங். புகழ் முழுக்க மார்க்கோனிக்குப் போனது.

இப்போது முக்கியமான இடம். ஃபிளெமிங்குக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. அந்தக் காலத்தில் வானொலிச் செய்தியை இயர்போன் வைத்து உன்னிப்பாகக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அவருக்கு அது கஷ்டம். கண்ணால் பார்க்கிற மாதிரி கால்வனாமீட்டர் அசைந்தால் நல்லது. ஆனால் வானொலி அலையில் மின்சாரம் முன்னும் பின்னும் வேகமாக மாறுவதால் மீட்டர் நகராது. ஒரு பக்கம் மட்டும் போக விட்டால்தான் நகரும். எடிசன் பல்புகளில் முன்பு செய்த சோதனை அவருக்கு ஞாபகம் வந்தது. பல்புக்குள் இழைக்குப் பக்கத்தில் ஒரு தகடு வைத்தால், இழையிலிருந்து தகட்டுக்கு எலக்ட்ரான் போகும், திரும்பி வராது. 1904 நவம்பர் 16-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒருவழிக் கதவு போல வேலை செய்வதால் வால்வு என்று பெயர். அமெரிக்காவில் டியூப் என்பதை நம்ம ஊர்க் கடைக்காரர்கள் வால்வுன்னு சொல்வது இதனால்தான்!

மாமாவின் ஆம்ப்ளிபயரில் கரண்டை நேராக்குவது அந்த வால்வின் வாரிசுதான். நம் வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. இரண்டு பாதியையும் நேராக்கினால் விநாடிக்கு 100 மேடு. அந்த மேடு பள்ளத்தை நிரவுவது பெரிய கண்டன்சர். அது காய்ந்துபோனால் இரைச்சல். மாமா புதுசு போட்டும் 'ம்ம்ம்' போகவில்லை. அப்புறம் பார்த்தால் கடைசியில் இருக்கும் ஜோடி வால்வுகளில் ஒன்றின் தகடு செக்கச்செவேல் என்று பழுத்திருந்தது.

அதற்கு இன்னொருத்தர் கதை வேண்டும். 1906-ல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் நடுவில் கிரிட் என்ற கம்பிவலையை வைத்தார். வலையில் சின்ன மாற்றம் செய்தால் தகட்டில் பெரிய மாற்றம். ஆம்ப்ளிபயர் பிறந்தது! தன் வால்வைத்தான் எடுத்துக்கொண்டார் என்று ஃபிளெமிங்குக்குக் கடைசி வரை மனத்தாங்கல். வழக்கு நடந்தது. 1916-ல் அமெரிக்க நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் மீறினார் என்றது. ஆனால் வலை டி ஃபாரஸ்டுடையது. எனவே ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் மூன்று முனை வால்வு செய்ய முடியாத நிலை. என்னைக் கேட்டால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபிளெமிங்கின் காப்புரிமையோ மார்க்கோனி கம்பெனி கையில்.

அந்த வலை எப்போதும் கொஞ்சம் மைனஸில் இருக்க வேண்டும். அதுதான் பயாஸ். முந்தின வால்விலிருந்து சத்தத்தை மட்டும் கடத்த வேண்டிய ஒரு குட்டிக் கண்டன்சர் ஒழுகியதால் வலைக்குப் பிளஸ் ஏறி, கரண்ட் கட்டுக்கடங்காமல் ஓடியிருக்கிறது. ஜோடி சமமாக இருந்தால் மிச்ச இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துவிடுமாம். இங்கே சமமே இல்லை. மாமா வலையில் மீட்டர் வைத்துப் பார்த்து அந்தக் கண்டன்சரை மாற்றினார். தகடு கறுப்பானது, இரைச்சலும் இறங்கியது.

ஃபிளெமிங்குக்கு 1929-ல் சர் பட்டம் கிடைத்தது. 1933-ல், 83 வயதில், ஒரு பாடகியை மறுமணம் செய்துகொண்டார். காது மந்தமானவருக்குப் பாடகி மனைவி! 1943-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அங்கே வாங்கிய வால்வு காப்புரிமை செல்லாது என்றது. ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்து உரிமை கேட்டதும், திருத்தத் தாமதித்ததும் காரணம். அப்போது அவருக்கு 93 வயது. 1945 ஏப்ரல் 18-ல் காலமானார்.

ஆம்ப்ளிபயரைப் பார்க்க ஆசையிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன். ஆனால் உள்ளே யாரும் கை விடக்கூடாது. 300 வோல்ட், சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கண்டன்சரில் கொஞ்ச நேரம் இருக்கும்.