காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில்

எம். முகம்மது இஸ்மாயில் (ஜூன் 5, 1896 - ஏப்ரல் 5, 1972) தமிழகத்தைச் சேர்ந்த அரசியல்வாதியும் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் முதல் தலைவரும் ஆவார். சமுதாயத்தின் வழிகாட்டி எனப் பொருள்படும் காயிதே மில்லத் என்ற பட்டப்பெயரால் அறியப்படுகிறார். தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில், தயா மன்சில் என்னும் இல்லத்தில் வாழ்ந்தார். பொதுவாழ்வில் காத்த நேர்மைக்காகப் பெரிதும் நினைவுகூரப்படுகிறார்.

வாழ்க்கை

திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் பிறந்தார். 1920 இல் பட்டப் படிப்பைக் கைவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் இணைந்தார். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அரசியல் நிர்ணய சபையிலும் மாநிலங்களவையிலும் உறுப்பினராகப் பணியாற்றினார். கேரளத்தின் மஞ்சேரி தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய ஆண்டுகளில் மக்களவைக்குத் தெரிவு செய்யப்பட்டார்.

அமானிதமும் அன்பளிப்பும்

பிறருக்காகத் திரட்டப்படும் பணம் இஸ்லாமியச் சட்டத்தில் அமானிதம், அதாவது ஒப்படைக்கப்பட்ட பொருள், எனக் கருதப்படுகிறது. கொடுத்தவர் குறித்த நோக்கத்திற்கன்றி வேறொன்றுக்கு அதைச் செலவிடலாகாது. ஸகாத் வசூலிப்போருக்கு அந்நிதியிலேயே ஒரு பங்கைக் குர்ஆன் (9:60) அனுமதிக்கிறது. அன்பளிப்பு பொதுவாக ஊக்குவிக்கப்பட்ட செயலே. ஆயினும் பதவியின் பொருட்டு வரும் அன்பளிப்பு விலக்கப்பட்டுள்ளது. ஸகாத் வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா என்பவர், ஒரு பகுதி தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். பெற்றோர் வீட்டிலேயே இருந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என நபிகள் நாயகம் கண்டித்ததாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன.

லீக்கின் நிதி

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் அவை, கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கானும் இந்தியப் பகுதிக்கு இஸ்மாயிலும் அமைப்பாளர்கள் ஆயினர். பழைய கட்சியின் நிதியில் இந்தியாவுக்குரிய பங்கு தரப்பட இருந்தபோது, இஸ்மாயில் அதை ஏற்க மறுத்தார் என்பது கட்சியினரிடையே வழங்கும் செய்தி. அமானிதச் சட்டப்படி நோக்கினால், அது பிரிவினைக்கு முன் வேறொரு நோக்கத்திற்காகத் திரட்டப்பட்ட பணம். மேலும், அதைப் பெற்றிருந்தால் புதிய கட்சி அயல்நாட்டுப் பணத்தில் தொடங்கியது என்ற ஐயத்திற்கு இடமாகியிருக்கும். 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் புதிய கட்சி உருவானது.

மறைவும் நினைவும்

1972 இல் சென்னையில் காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சென்னையில் உள்ள அரசு மகளிர் கல்லூரியும், தென் புறநகரான மேடவாக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன. பொதுவாழ்வில் நேர்மையைப் போற்றும் விருது ஒன்றும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது.