மெய்யுரைத்த முனிவர்

வேந்தர்க்கு இனிமையானவற்றைக் கூறிப் பரிசில் பெறுவோர் எக்காலத்தும் பலர். அவர் விரும்பாத உண்மையை அவர்தம் முகத்தெதிரே உரைப்போர் மிகச் சிலரே. சீன நாட்டுத் தாவோ நெறித் துறவியாகிய சியூ சூஜி அச்சிலருள் ஒருவர். சாங்சுன் முனிவர் எனவும் அவரை அழைப்பர்.

இவர் சாந்துங் பகுதியைச் சார்ந்த சீசியா என்னும் ஊரில் 1148-ஆம் ஆண்டில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். அகவை இருபது நிரம்புமுன் வீடு துறந்து மலையை அடைந்தார். 1167-ஆம் ஆண்டில், முழுமெய்ம்மை நெறியை நிறுவிய வாங் சோங்யாங் என்பாரை ஆசிரியராகக் கொண்டார். மூன்றாண்டிற்குள் ஆசிரியர் மறையவே, உடன்பயின்றோருடன் அவர் உடலைச் சோங்நான் மலைக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தார்.

அந்நெறியின் இயல்பை ஈண்டு அறிதல் வேண்டும். சாவாமையை நாடிய சீனர் பலர் பண்டு சாதிலிங்கம், இரசம், ஈயம் முதலியவற்றை உலையிலிட்டு மருந்து சமைத்தனர். அதனை உண்ட மன்னர் சிலர் நஞ்சேறி மாண்டனர். முழுமெய்ம்மை நெறியினரோ உலையை உள்ளே கண்டனர். உடலே உலை; உயிர்ச்சாரம், மூச்சு, உள்ளுணர்வு ஆகிய மூன்றுமே அதில் இடும் சரக்குகள் என்றனர். இதனையே உள் இரசவாதம் என்பர். இதனைப் பயிலத் தொடங்குவோர்க்கு வியத்தகு வித்தைகள் எவையும் கற்பிக்கப்படுவதில்லை. தனியிடத்தில் அசையாது அமர்தல், மூச்சினைத் தானே மெல்ல அடங்க விடுதல், அலையும் மனத்தை உந்திக்குக் கீழே நிலைநிறுத்தல், உணவையும் உறக்கத்தையும் ஆசையையும் குறைத்தல் என்பனவே முதற்படிகள்.

ஆசிரியர் மறைந்தபின் சூஜி பான்சி என்னுமிடத்தில் ஆறாண்டும், லுங்மென் மலையில் ஏழாண்டும் இப்பயிற்சியில் நிலைத்தார். நாளொன்றுக்கு ஒருவேளை இரந்துண்டார். வெயிலிலும் மழையிலும் புல்லாலாகிய மேலங்கி ஒன்றே அவருக்கு உடைமை. அவர் புகழ் பரவவே, 1188-ஆம் ஆண்டில் வடசீனத்தை ஆண்ட சின் மரபுப் பேரரசர் அவரை அழைத்து அறவுரை கேட்டார்.

1219-ஆம் ஆண்டில் மங்கோலியப் பேரரசன் செங்கிஸ்கானின் தூதன் வந்தான். பேரரசன் அப்போது மேற்கே பெரும்போர் நிகழ்த்திக்கொண்டிருந்தான். முனிவர்க்கு அகவை எழுபதைக் கடந்திருந்தது. எனினும், தம் சொல்லால் கொலை சிறிதேனும் குறையலாம் எனக் கருதி, 1220-இல் மாணவர் பதினெண்மருடன் புறப்பட்டார். பேரரசனுக்கெனத் திரட்டப்பட்ட மகளிரையும் தூதன் உடனழைத்துச் செல்ல முற்பட்டபோது, அவர்களுடன் வர இயலாதென மறுத்தார். புல்வெளியும் பாலையும் பனிமலையும் கடந்து, 1221-ஆம் ஆண்டின் இறுதியில் சாமர்க்கண்டு நகரை அடைந்தார். மாணவருள் ஒருவர் வழியிலேயே உயிர் நீத்தார்.

1222-ஆம் ஆண்டில், இந்துகுஷ் மலைப்பகுதியிலிருந்த பாசறையில் இருவரும் சந்தித்தனர். பேரரசன் முதலில் வினவியது, நெடிது வாழ்வதற்குரிய மருந்து யாது கொணர்ந்தீர் என்பதே. அதன்பொருட்டே அவரை அவன் அத்துணைத் தொலைவு வரவழைத்திருந்தான். நகரங்களையே அழித்தவன் சினந்தால் முனிவரும் மாணவரும் உயிருடன் மீள்வதெங்ஙனம்? எனினும் முனிவர் தயங்கவில்லை. வாழ்நாளைப் பேணும் வழிகள் உண்டு. சாவாமை தரும் மருந்து இல்லை என்று விளங்கக் கூறினார். பேரரசன் சினவாது, அவர்தம் வாய்மையைப் போற்றினான்.

பின்னர் நிகழ்ந்த உரையாடல்களில் காமத்தை அடக்குதல், உயிர்க்கொலையைத் தவிர்த்தல், பெற்றோரைப் பேணுதல் ஆகியவற்றை முனிவர் வலியுறுத்தினார். 1223-இல் பன்றி வேட்டையின்போது பேரரசன் குதிரையினின்றும் வீழ்ந்தான். முதுமையில் வேட்டையைக் குறைத்தல் நன்று என முனிவர் அறிவுறுத்த, இருதிங்கள் அவன் வேட்டைக்குச் செல்லவில்லை.

போர்கள் முற்றும் நின்றுவிடவில்லை. ஆயினும், தாவோ துறவியர்க்கு வரிவிலக்கு அளித்து ஆணை பிறந்தது. 1224-ஆம் ஆண்டில், பிற்காலத்தில் பெய்ஜிங் எனப்பெயர் பெற்ற நகருக்கு முனிவர் மீண்டார். போரில் சிறைப்பட்டு அடிமையான பலர் அவர்தம் மடங்களைச் சார்ந்து விடுதலை பெற்றனர். 1227-ஆம் ஆண்டில் முனிவர் மறைந்தார். செங்கிஸ்கான் இறந்ததும் அவ்வாண்டிலேயே. முனிவரை அடக்கம் செய்த இடம் அந்நகரின் வெண்முகில் கோயிலில் இன்றும் போற்றப்படுகிறது. அவர்தம் பயணத்தை மாணவர் லி சிச்சாங் எழுதிய நூல், அக்கால நடு ஆசியாவை அறிய வரலாற்றாசிரியர்க்கு உதவுகிறது.

பொய்யாக ஒரு மருந்தைக் காட்டியிருப்பின் முனிவர் அளவற்ற பொருளைப் பெற்றிருக்கலாம். பதின்மூன்றாண்டு தனிமையில் அமர்ந்து ஆசையை வென்றவர்க்குப் பெறவேண்டியதும் இல்லை, அஞ்சவேண்டியதும் இல்லை. மனத்தை அடக்கப் பயின்றோர்க்கே வாய்மை எளிதாகும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.