தமையனின் தொலைகாட்டியும் தங்கையின் பேனாவும்

யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் யார் என்றால், வில்லியம் ஹேர்ஷல் என்று ஒரே மூச்சில் விடை சொல்லிப் பழகியவர்கள் நாம். அவருடைய தங்கை கரோலைனைப் பற்றி வகுப்பறையில் நாம் கேட்டது குறைவு. பெண் பிள்ளைகள் படிக்கவென எழுந்த கல்லூரியின் மலரிலே அவருக்கும் ஓர் இடம் தர விரும்பினோம்.

கரோலைன் 1750 இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்தார். பத்து வயதிற் கண்ட காய்ச்சல் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. உயரம் நாலேகால் அடிதான். தாயார் அவரை வீட்டு வேலைக்கே வைத்திருக்க விரும்பினார். 1772 இல் தமையனார் அவரை இங்கிலாந்தின் பாத் நகருக்கு அழைத்துச் சென்றபோது, வேறொரு வேலைக்காரியை அமர்த்தத் தாயாருக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கவும் உடன்பட வேண்டியிருந்தது.

பாத்தில் அவர் பாடகியானார். தமையனாரும் இசை ஆசிரியரே. ஆனால் மனம் தொலைகாட்டியில். ஆடி வார்க்கும் அச்சுக்காகக் குதிரைச் சாணத்தை உரலில் இடித்து அரித்துக் கொடுத்தவர் கரோலைன். ஒருமுறை 16 மணித்தியாலம் கையெடுக்காமல் ஆடியைத் தீட்டிய தமையனாருக்கு உணவை ஊட்டிவிட்டவரும் அவரே.

1781 மார்ச் 13 இரவு வில்லியம் கண்டதை முதலில் வால்வெள்ளி என்றே எண்ணினார். அது சனிக்கு அப்பாலுள்ள கோள் எனத் தெளிவானபோது ஞாயிற்றுத் தொகுதியின் அளவு ஏறக்குறைய இருமடங்காயிற்று. மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண் வழங்கினார். தங்கையின் பாட்டு அத்தோடு நின்றது.

பின்னர் இரவுகளெல்லாம் வானத்தோடுதான். தமையனார் தொலைகாட்டியில் நின்று சொல்லச் சொல்ல, கரோலைன் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுவார்; பகலிற் கணக்குகளை முடிப்பார். 1783 இன் கடைசி நாள், உறைபனியில் ஓடி விழுந்து, இரும்புக் கொக்கி தொடையிற் குத்தியது. சதையை விட்டுத்தான் எழுந்தார். பெருக்கல் வாய்பாடு மட்டும் அவர் மனதில் நிற்கவேயில்லை. தாளில் எழுதி வைத்துக்கொண்டே அத்தனை கணக்கையும் செய்தார். (எமது கணித ஆசிரியைமார் இவ்வரியைத் தாண்டிச் செல்வார்களாக!) 1787 இல் யுரேனசின் இரு உபகோள்களான தித்தானியாவும் ஒபரோனும், 1789 இல் சனியின் என்செலடசும் மீமாசும் அகப்பட்டன. என்செலடஸ் பீச்சும் பனித்துகளே சனியின் வெளிவளையமொன்றை நிரப்புகிறது என்று இன்று அறிகிறோம்.

1786 ஓகஸ்ட் 1 இல், தமையனார் ஊரில் இல்லாத வேளை, கரோலைன் தாமாகவே ஒரு வால்வெள்ளியைக் கண்டார். 1797 வரையில் எட்டு. 1787 முதல் மன்னர் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம் கொடுத்தார்; முப்பத்தேழு வயதில், தம் விருப்பப்படி செலவழிக்கத் தமக்கெனக் கிடைத்த முதற்பணம் அதுவே.

1822 இல் வில்லியம் இறந்ததும் ஹனோவருக்குத் திரும்பி, தமையன் மகன் ஜோனுக்காக 2500 வான்முகில்களை வரிசைப்படுத்தினார். அதற்காக 1828 இல் றோயல் வானியற் சங்கம் தங்கப் பதக்கம் வழங்கியது. அப்பதக்கம் அடுத்தொரு பெண்ணுக்குக் கிடைத்தது 1996 இலேதான். சனியின் உபகோள்களுக்கு ஜோன் பெயர் சூட்டிய 1847 இலும் அவர் உயிரோடிருந்தார். மறு ஆண்டு ஜனவரி 9 இல், 97 வயதில் காலமானார். தமையனாரின் ஒரு கற்றை முடியும் பழைய பஞ்சாங்கம் ஒன்றும் பெட்டியில் அவருடன் வைக்கப்பட்டன.