இரண்டு முறை கடை மூடிய மிட்டாய்க்காரர்



வேர்க்கடலை, பாதாம், உப்பு பிஸ்கட் என்று கையில் கிடைப்பதை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து எடுக்கும் பழக்கம் இப்போது வீட்டுச் சமையலறைகளுக்கும் வந்துவிட்டது. உள்ளே உப்பும் மொறுமொறுப்பும், வெளியே இனிப்பு. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். சிலர் இதையே சிறு தொழிலாகச் செய்யலாமா என்றும் யோசிக்கிறார்கள். அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் அமெரிக்காவின் மில்டன் ஹெர்ஷி. அவர் பெயரைச் சாக்லேட் உறையில் எல்லோரும் பார்த்திருப்போம். பல ஆண்டுகள் வங்கிப் பேரேடுகளோடு காலம் தள்ளிய எனக்கு, அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்தது ஒரு கடன் விவகாரம்தான்.

ஹெர்ஷி 1857 செப்டம்பர் 13 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் டெர்ரி என்ற கிராமப்புறப் பகுதியில் பிறந்தார். தந்தை ஹென்றி ஒரு தொழிலிலும் நிலைக்காதவர். புதிது புதிதாகத் தொடங்குவார், பணத்தைத் தொலைப்பார், ஊர் மாறுவார். தாயார் ஃபேனி கட்டுப்பாடான மென்னோனைட் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், சிக்கனக்காரர். அடிக்கடி ஊர் மாறியதால் மகனின் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது.

முதலில் ஓர் அச்சகத்தில் தொழில் பழகப் போனார். அது ஒத்துவரவில்லை. பிறகு 1872-இல் லான்காஸ்டர் நகரில் ஜோசப் ராயர் என்ற மிட்டாய்க்காரரிடம் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் பாகு காய்ச்சக் கற்றுக்கொண்டார்.

1876-இல், 18 வயதில், பிலடெல்பியாவில் சொந்தக் கடை போட்டார். முதலுக்குத் தாய்வழி உறவினர்கள் உதவினார்கள். தாயாரும் அவருடைய சகோதரி மேட்டியும் வந்து மிட்டாய்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். இரவில் காய்ச்சுவது, பகலில் விற்பது என்று ஆறு ஆண்டுகள் பாடுபட்டும் கடன்தான் மிஞ்சியது. 1882-இல் கடையை மூடினார்.

தந்தையைத் தேடி மேற்கே டென்வர் நகருக்குப் போனார். அங்கே ஒரு மிட்டாய்க் கடையில் வேலை செய்தபோதுதான் ஒரு நுட்பம் கைவந்தது. கேரமலில் புதுப்பால் சேர்த்தால் சுவை கூடும், பல்லில் ஒட்டாது, நாள்பட வைத்தாலும் கெடாது. அந்தக் கைப்பக்குவத்தோடு நியூயார்க்கில் மறுபடி கடை போட்டார். 1886-இல் அதுவும் மூடப்பட்டது.

ஊர் திரும்பியபோது வயது 28. கையில் காசில்லை. தாய்மாமன்மார் இனி ஒரு டாலர்கூடத் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அப்பன் போலவே பிள்ளையும் என்ற பேச்சு வேறு. அந்த நேரத்தில் துணை நின்றவர்கள் மூன்றே பேர்: தாயார், தாயாரின் சகோதரி மேட்டி, பிலடெல்பியாவில் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி லெப்கிக்கர். அவர்களை நம்பி லான்காஸ்டரில் மூன்றாம் முறையாகப் பாகு காய்ச்சினார். பெண்கள் இருவரும் பழையபடி காகிதம் சுற்ற உட்கார்ந்தார்கள்.

இங்கேதான் நான் சொன்ன கடன் வருகிறது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வியாபாரி கேரமலைச் சுவைத்துப் பார்த்துப் பெரிய ஆர்டர் கொடுத்தார். சரக்கு வாங்கவும் உபகரணம் வாங்கவும் பணம் வேண்டும். மேட்டி தன் வீட்டை அடமானமாக வைக்க, உள்ளூர் வங்கி கடன் கொடுத்தது. தவணை வந்தபோது கட்டப் பணமில்லை. அதோடு இன்னும் கூடுதல் கடனும் தேவைப்பட்டது. நம் வங்கி அனுபவத்தில் இப்படி ஒரு கணக்குக்கு என்ன பதில் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வங்கியின் காஷியர் நேரில் வந்து பட்டறையைப் பார்த்தார். பெண்கள் கையால் சுற்றும் வேலையையும், காய்ச்சும் பக்குவத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு, கடன் பத்திரத்தில் தன் பெயரிலேயே கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றார். சிறிது காலத்தில் இங்கிலாந்திலிருந்து 500 பவுண்டு வந்து சேர்ந்தது. ஹெர்ஷி அதை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓட்டமாக ஓடினார் என்று சொல்வார்கள்.

அதன்பின் லான்காஸ்டர் கேரமல் கம்பெனி ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தது. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜெர்மானிய சாக்லேட் இயந்திரங்களைக் கண்டு, அவற்றை வாங்கிவிட்டார். முதல் நோக்கம் கேரமலுக்குச் சாக்லேட் பூசுவதுதான். 1894-இல் அதற்கென்றே ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி தொடங்கியது. நாம் வீட்டில் தோய்த்து எடுக்கும் அதே வேலை, பெரிய அளவில்.

1900-இல் எல்லோரும் வியக்கும்படி கேரமல் கம்பெனியைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, சாக்லேட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அன்று பால் சாக்லேட் பணக்காரர்களின் பண்டம். சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்முறையை வெளியே விடவில்லை. பாலைக் குறைந்த சூட்டில் சுண்டவைக்கும் பதம் கிடைக்கும்வரை ஹெர்ஷி காய்ச்சிக் காய்ச்சிக் கொட்டினார். கடைசியில் கிடைத்தது. பிறந்த ஊரிலேயே, பால் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில், 1905-இல் பெரிய ஆலை தயாரானது. கூடவே தொழிலாளர்களுக்கு வீடு, டிராம், பூங்கா என்று ஓர் ஊரே எழுந்தது. 5 சென்ட் சாக்லேட் 1969 வரை அதே விலையில் விற்றது. எடை மட்டும் அவ்வப்போது மாறியது.

இனிப்பும் உப்பும் சேர்ந்த கதையும் அந்த ஊரில்தான் நடந்தது. ஹெர்ஷியின் பால் பண்ணையில் வேலை பார்த்த எச்.பி. ரீஸ் என்பவருக்கு 16 பிள்ளைகள். வருமானம் போதாமல் வீட்டின் அடித்தளத்தில் மிட்டாய் செய்யத் தொடங்கினார். 1928-இல் உப்புச் சுவையுள்ள வேர்க்கடலை விழுதைச் சாக்லேட்டுக்குள் அடைத்து விற்றார். அது பெரும் வெற்றி. அதற்கான சாக்லேட்டை ரீஸ் வாங்கியது ஹெர்ஷியிடமிருந்துதான். தன் ஊரிலேயே எழுந்த போட்டி என்று ஹெர்ஷி அவரை நசுக்கப் பார்க்கவில்லை.

ஹெர்ஷிக்கும் மனைவி கேத்தரீனுக்கும் பிள்ளைகள் இல்லை. 1909-இல் இருவரும் அநாதைச் சிறுவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். கேத்தரீன் 1915-இல் காலமானார். 1918-இல் ஹெர்ஷி தன் கம்பெனிப் பங்குகளை, சுமார் 6 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, அந்தப் பள்ளியின் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் வெளியுலகுக்கே அது தெரிந்தது.

குறைகளும் உண்டு. பள்ளியில் தொடக்கத்தில் வெள்ளை இனச் சிறுவர்களை மட்டுமே சேர்த்தார்கள். மற்றவர்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் கதவு திறந்தது அவர் காலத்துக்குப் பிறகு. 1937-இல் அவருடைய ஆலையிலேயே வேலைநிறுத்தம் நடந்து அடிதடியில் முடிந்தது. ஊரையே கட்டிக் கொடுத்தவருக்கும் தொழிலாளர் மனக்குறை முழுதாகப் புரியவில்லை. 1945 அக்டோபர் 13 அன்று, 88 வயதில் மறைந்தார். பள்ளி இன்றும் நடக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு இரண்டு குறிப்புகள். சாக்லேட்டை நேரடித் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வேறொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் திரிந்து கெட்டியாகிவிடும். தோய்க்கும் கடலையோ பிஸ்கட்டோ நன்றாக ஆறி, ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வளாகத்தில் யாராவது இப்படிச் செய்து விற்க முன்வந்தால், முதல் தட்டு சரியாக வராவிட்டாலும், முன்பு செய்த தொழில் நொடித்திருந்தாலும், அதைப் பேசிக்கொண்டிராமல் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள். லான்காஸ்டரில் அந்தக் காஷியர் செய்தது அவ்வளவுதான்.